மாடி அறைக்கு எட்டாத சிக்னல்

ஜனவரி 6

அன்பு மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். என் இடது காது அப்படியேதான் இருக்கிறது. டைல்ஸ் அறுக்கும் மிஷினுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். உன் இடுப்பு வலி எப்படி? ஆஸ்பத்திரியிலேயே கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு இடுப்பைக் காட்ட நேரமில்லை என்று எழுதாதே.

ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். ஃபோனில் நீ சொல்வதில் பாதிதான் எனக்கு விழும். நான் பேசுவதோ மாடிவரைக்கும் விழும். தவிர, முப்பது வருஷ வியாபாரத்தில் வாயால் பேசின சரக்கு பேசினபடி வந்து இறங்கியதே இல்லை. எழுத்தில் இருந்தால் பிடித்துக் கேட்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறாள், தெரியுமே. பதினோரு பிள்ளைகள். கீழே டைல்ஸ் கடைச் சத்தம் ஆகவில்லை என்று மாடியில் பின்பக்க அறைக்கு மாறிவிட்டாள். வைஃபை பெட்டி கீழே கல்லாவுக்கு மேலே இருக்கிறது. மாடிக்கு எட்டமாட்டேன் என்கிறது. நடுப் பாடத்தில் பிள்ளைகள் முகம் சிலை மாதிரி நின்றுவிடுகிறதாம்.

ஜூன் முதல் தேதி அவளுக்குப் புது வகுப்பு, இருபது பேர். அதற்குள் மாடிக்கு சிக்னல் வராவிட்டால் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை எடுத்து, வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே தங்கிக்கொள்வாளாம். சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள் என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

வயர் இழுக்கலாம் என்றால் மாடிப்படிச் சுவரைத் துளைக்கவேண்டும் என்கிறார் லைன்காரர். அந்தச் சுவரில் ஒட்டியிருக்கும் டைல்ஸ் செய்த கம்பெனியே இப்போது இல்லை. ஒன்று விரிசல் விட்டால் சுவர் முழுக்க உரித்தாக வேண்டும். வயர் இல்லாமலேயே இரண்டு பெட்டிகளை ஒன்றோடொன்று பேசவைக்கலாம் என்று நீ முன்பு சொன்ன ஞாபகம். பழைய பெட்டி ஒன்று பரணில் கிடக்கிறது. எப்படி என்று எழுது. எனக்குப் புரிகிறமாதிரி எழுது. அக்காவிடம் இப்போது மூச்சு விடவேண்டாம், முடித்துக் காட்டிக்கொள்ளலாம்.

உன் அத்தான்


ஜனவரி 19

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இடுப்பு பரவாயில்லை, குனிந்தால் மட்டும் தன்னை ஞாபகப்படுத்துகிறது. நீங்கள் அந்தக் காதை ஒரு டாக்டரிடம் காட்டினால் நானும் என் இடுப்பைக் காட்டுகிறேன்.

நீங்கள் கேட்டது நடக்கிற காரியம்தான். கீழே இருப்பதை மொத்தக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள், மாடியில் வைக்கப்போவது சில்லறைக் கடை. சரக்கு மொத்தக் கடைக்கு மட்டும்தான் வரும். சில்லறைக் கடை அங்கே வாங்கி மாடியில் விற்கும். அதற்கு முதலில் இரண்டும் ஒரே சேனலில் இருக்கவேண்டும். கீழ்ப் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தை ஃபோனில் திறந்து சேனலை ஆறு என்று வையுங்கள். பிறகு பழைய பெட்டியைத் திறந்து அதிலும் ஆறு. அதிலேயே டபிள்யூ.டி.எஸ். என்று ஓர் இடம் இருக்கும், அதை ஆன் பண்ணித் தேடச் சொன்னால் அக்கம்பக்கத்துப் பெட்டிகள் எல்லாம் வரிசையாக வரும். அதில் உங்கள் கீழ்ப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து, அதன் பாஸ்வேர்டைப் போட்டுச் சேமியுங்கள். மாடிப் பெட்டியை அறைக்குள் வைக்காதீர்கள். படி முடிகிற இடத்தில், கீழ்ப் பெட்டிக்கும் அறைக்கும் பாதி வழியில் வையுங்கள். கீழே இருக்கிறவன் கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில் இருக்கவேண்டும்.

படுத்தினால் எழுதுங்கள். அக்காவை விசாரித்ததாகச் சொல்ல முடியாது, நீங்கள்தான் வாயைக் கட்டிவிட்டீர்களே.

உங்கள் மச்சான்


பிப்ரவரி 2

அன்பு மச்சானுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் குழம்பிக் கிடக்கிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் நலம்தானே.

நீ எழுதியதைக் கல்லாவில் விரித்துவைத்து, வரிவரியாகச் செய்தேன். மாடியில் போய்ப் பார்த்தால் ஃபோனில் சிக்னல் கோடு முழுக்க நிற்கிறது. கீழே கடையில்கூட அவ்வளவு கோடு இல்லை. சரி, ஜெயித்துவிட்டோம் என்று உன் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் தட்டினாள். ஒரு பக்கமும் திறக்கவில்லை.

"கோடு இருக்கு, ஒண்ணும் வரலையே" என்றாள்.

"கோடு முழுசா இருக்கும்போது எப்படி வராம இருக்கும்?"

"உங்க ஷோரூம்ல மாட்டி வெச்சிருக்கீங்களே குழாய், அது மாதிரிதான். பளபளன்னு இருக்கும், திறந்தா தண்ணி வராது."

என் கடையில் நின்று என் குழாயை வைத்தே என்னை அடித்துவிட்டுப் போகிறாள். பாதிக் கோடு காட்டி வேலை செய்யாவிட்டால் நியாயம் இருக்கிறது. முழுக் கோடு காட்டிவிட்டு ஒன்றும் இல்லை என்றால் அது என்ன சரக்கு? பழைய பெட்டி கெட்டுவிட்டதா, நான் கெடுத்துவிட்டேனா, ஒன்றும் புரியவில்லை.

உன் அத்தான்


பிப்ரவரி 13

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

பெட்டி கெடவில்லை, நீங்களும் கெடுக்கவில்லை. தப்பு என்னுடையது. உங்களுக்கு எழுதும்போது இரண்டு விஷயத்தை விட்டுவிட்டேன்.

முதலில் அந்தக் கோட்டைப் பற்றி. அது உங்கள் ஃபோனுக்கும் மாடிப் பெட்டிக்கும் நடுவில் உள்ள நெருக்கத்தைத்தான் காட்டும். மாடிப் பெட்டிக்கும் கீழ்ப் பெட்டிக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று அது சொல்லவே சொல்லாது. கோடு முழுக்க இருந்தும் அங்கே பேச்சே இல்லாமல் இருக்கலாம்.

உங்கள் வீட்டில் நடந்தது, இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே கதவு எண், ஐ.பி. அட்ரஸ் என்பார்கள். தபால்காரர் எங்கே போவார்? மாடிப் பெட்டியின் எண்ணில் கடைசி இலக்கத்தை இரண்டு என்று மாற்றுங்கள். இன்னொன்று, வருகிற ஃபோனுக்கெல்லாம் டோக்கன் கொடுக்கிற வேலையை இரண்டு பெட்டிகளும் செய்கின்றன. ஒரு கடையில் இரண்டு பேர் டோக்கன் கொடுத்தால் வாடிக்கையாளர் அடித்துக்கொள்வார். மாடியில் டி.எச்.சி.பி. என்று இருப்பதை ஆஃப் பண்ணிவிடுங்கள். டோக்கன் கீழே மட்டும்.

அக்கா என்ன சொல்கிறாள்? போன வாரம் ஃபோன் பண்ணினேன், பாடம் இருக்கிறது என்று இரண்டு நிமிஷத்தில் வைத்துவிட்டாள்.

உங்கள் மச்சான்


மார்ச் 5

அன்பு மச்சானுக்கு,

நான் சுகம். நீ எழுதிய இரண்டு மாற்றமும் செய்தேன், செய்த கையோடு வந்துவிட்டது. செவ்வாய் முதல் ஞாயிறுவரை ஆறு நாள் ஒரு குறை இல்லை. மாடியில் உன் அக்கா பிள்ளைகளோடு பேசிச் சிரிக்கிற சத்தம். வலது காதைப் படிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே வியாபாரம் பார்த்தேன்.

திங்கட்கிழமை மறுபடி போய்விட்டது. கோடு மட்டும் ஜம்மென்று நிற்கிறது.

மூன்று மணிக்கு அவளுக்குப் பாடம். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். ஷோரூமில் வாஷ்பேசினுக்கும் வெஸ்டர்ன் கமோடுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று ஆரம்பித்துவிட்டாள். கிச்சன் சிங்க் வாங்க வந்த ஒருவர் பாடம் முடிகிறவரைக்கும் நின்று கேட்டுவிட்டு, "எனக்கு இப்பதான் புரியுது" என்று சொல்லிவிட்டு, சிங்க் வாங்காமலே போனார். கடைக்கு வந்து அவ்வளவு நேரம் சத்தம் போடாமல் நின்ற வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை.

செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை உன் கடிதங்களை எடுத்துவைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி செய்தேன். வந்துவிட்டது. எதனால் போனது, எதனால் வந்தது, இரண்டும் எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

உன் அத்தான்


மார்ச் 14

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இங்கே எனக்கு ஜலதோஷம். வேறொன்றுமில்லை.

படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். பிறகு யோசித்துப் பார்த்தேன். உங்கள் ஷோரூமில் ஆளுயரக் கண்ணாடிகள் வரிசையாகச் சாய்ந்திருக்குமே, அவை படிக்கு நேராகவா இருக்கின்றன? கண்ணாடியின் பின்பூச்சு சிக்னலைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் நிரம்பிய தொட்டி நடுவில் இருந்தால் அதுவும் குடித்துவிடும். திங்கட்கிழமை புதுச் சரக்கு இறங்குகிற நாளா? சேனல் ஆறிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள், தானாக மாறியிருந்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

முக்கியமாக ஒன்று: பெட்டிகளில் யாராவது, எதையாவது தொட்டார்களா?

உங்கள் மச்சான்


மார்ச் 30

அன்பு மச்சானுக்கு,

ஜலதோஷத்துக்கு ஆவி பிடி. மாத்திரையை நம்பாதே, ஆஸ்பத்திரிக்காரர்களே அதைத்தான் சொல்வார்கள்.

கண்ணாடிகள் படிக்கு நேராகத்தான் இருந்தன. நாலு லோடுமேன்களை வைத்து அத்தனையையும் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றினேன். ஒன்று மூலையில் உடைந்தது. சேனல் ஆறிலேயே இருக்கிறது. சரக்கு இறங்குவது வியாழக்கிழமை. அப்படியும் இந்த மாதம் திங்கள் தவறாமல் இதே கதை. திங்கள் காலையில் போகும், நான் உட்கார்ந்து மறுபடி செய்தால் வரும். திங்கட்கிழமைக்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன ஜென்ம விரோதமோ.

உன் அக்கா இப்போது கேள்வியே கேட்பதில்லை. திங்கள் வந்தால் கம்ப்யூட்டரோடு இறங்கிவருகிறாள். கீழ்ப் பெட்டியின் பாஸ்வேர்ட் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கல்லாமேல் வைத்திருப்பேன், எடுத்துக்கொண்டு "ரொம்ப நன்றி, முதலாளி" என்கிறாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னை முதலாளி என்றது இப்போதுதான்.

நீ கேட்டதற்குப் பதில்: யாரும் எதையும் தொடவில்லை.

உன் அத்தான்


ஏப்ரல் 27

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா? பதில் தாமதம்தான். வேலை அதிகம் என்று எழுத நினைத்தேன், அது பொய்.

அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. உங்களைப் பார்த்து அவளும் ஃபோனை விட்டுவிட்டாள் போலிருக்கிறது. அதைப் படித்தபின் உங்களுக்கு எழுத உட்கார்ந்து இரண்டு முறை கிழித்துப் போட்டேன்.

டிசம்பரில் யாரோ ஒரு சப்ளையர் முன்னால், "வீட்ல சும்மாதான் இருக்கா, பொழுது போகாம கம்ப்யூட்டரைத் தட்டிட்டிருக்கா" என்று சொன்னீர்களாம். அன்றைக்கே படுக்கையை மாடிக்குக் கொண்டுபோய்விட்டாளாம். கடைச் சத்தம் என்றுதான் நீங்கள் எனக்கு எழுதினீர்கள்.

அது உங்கள் இருவர் விஷயம். நான் தம்பி, நடுவில் வந்தால் இரண்டு பக்கமும் அடி விழும். எனக்குத் தெரிந்தது பெட்டிதான், அதை மட்டும் பேசுகிறேன். திங்கட்கிழமை எழுந்ததிலிருந்து அவள் பாடம் தொடங்குகிறவரை நீங்கள் செய்வது எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். பெட்டிக்குச் சம்பந்தமில்லை என்று நீங்கள் நினைப்பதையும் விடவேண்டாம். ஜூனுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது.

உங்கள் மச்சான்


மே 8

அன்பு மச்சானுக்கு,

நலம். நீ கேட்டதை எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு எழுவேன். டீ நானே போட்டுக்கொள்கிறேன். எட்டரைக்கு ஷட்டர் திறப்பேன், இடது பக்க ஷட்டர் சிக்கும், எண்ணெய் விடுவேன். ஷோரூம் தரையைத் துடைக்கச் சொல்லி, நின்று பார்ப்பேன். ஒன்பதுக்கு குடோன். அங்கே நம்பர் பூட்டு, வாராவாரம் திங்கட்கிழமை நம்பரை மாற்றுவேன். ஆறு வருஷத்துக்கு முன் என்னிடம் விற்பனைக்கு நின்றவன் பழைய நம்பரை வைத்துக்கொண்டு உள்ளே புகுந்ததிலிருந்து பழக்கம். அலமாரி நம்பர், வைஃபை பாஸ்வேர்ட் இதெல்லாமும் அப்போதே மாற்றிவிடுவேன். பிறகு போன வாரம் உடைந்த டைல்ஸைத் தனியே எடுத்து வைப்பேன். பதினொன்றுக்கு இன்னொரு டீ, கடையில் வாங்கியது. மேஸ்திரிகள் வந்துபோவார்கள். ஒரு மணிக்குச் சாப்பாடு; அவள் சமைத்து வைத்துவிட்டு மாடிக்குப் போயிருப்பாள். இரண்டு மணிக்கு நாற்காலியிலேயே கண்ணை மூடுவேன். மூன்றுக்கு அவள் இறங்கிவருவாள்.

இதுதான். அக்கா வேறு என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. ஜெராக்ஸ் கடை அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள், போகும்போது பார்த்தேன். அவள் வேறு என்னதான் எழுதினாள்?

உன் அத்தான்


மே 18

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இடுப்பு, காது எல்லாம் இந்தத் தடவை இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் ஷட்டர் எண்ணெய்க்கும் உடைந்த டைல்ஸுக்கும் நடுவில் பதில் இருக்கிறது. மாடிப் பெட்டிக்குக் கீழ்ப் பெட்டியின் பாஸ்வேர்ட் தெரிந்தால்தான் பேச்சு. நீங்கள் திங்கட்கிழமை கீழே மாற்றிவிடுகிறீர்கள். மாடியில் இருப்பது பழையதையே சொல்லிச் சொல்லிக் கதவைத் தட்டுகிறது, கீழே இருப்பது திறக்கவில்லை. மறுபடி செய்யும்போது புது நம்பரைப் போடுகிறீர்கள், உடனே வந்துவிடுகிறது. மாற்றாமல் விட்டுவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும். இரண்டு மாதமாகக் கண்ணாடி, தொட்டி, சேனல் என்று உங்களை அலைக்கழித்தேன். இது ஒரு நிமிஷக் காரியம்.

ஆனால் இந்த வாரம் அக்கா மறுபடி எழுதியதில் ஒரு வரியை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். "நான் இறங்கும்போதே புது நம்பர் எழுதின சீட்டு கல்லாமேல தயாரா இருக்கு. மாத்தினது தெரியாமலா சீட்டு எழுதறார்? என் வேலை கெடணும்னுதான் பண்றார்" என்கிறாள். நான் இல்லை என்று எழுதினேன். அத்தானுக்குப் பூட்டு என்றால் பூட்டுதான், அதற்கும் பாடத்துக்கும் முடிச்சுப் போடத் தெரியாதவர் என்று எழுதினேன்.

நான் எழுதியது சரிதானே? "பழக்கம்தான்" என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அதை அவளிடம் காட்டி முதல் தேதிக்குள் சமாதானம் செய்துவிடுகிறேன்.

உங்கள் மச்சான்


ஜூன் 14

அன்பு மச்சானுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இருவரும் என்று எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்தேன், எழுதிவிட்டேன்.

உன் கடிதம் மே 27 வந்தது. "பழக்கம்தான்" என்று எழுதி, உறையில் போட்டு, ஒட்டியும் விட்டேன். மூன்று நாள் சட்டைப்பையிலேயே கிடந்தது. தபால் பெட்டியைத் தாண்டித்தான் தினமும் டீக்கு நடக்கிறேன், கை போகவில்லை.

முதல் இரண்டு திங்கள் பழக்கம்தான், அதில் பொய் இல்லை. இரண்டாம் தடவை மறுபடி செய்யும்போது மாடிப் பெட்டி பாஸ்வேர்ட் கேட்டது. போட்டேன். போட்டபோது, போன தடவை போட்டது இது இல்லையே என்று பட்டது. வியாபாரிக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டுமா? மூன்றாம் திங்களிலிருந்து தெரிந்தேதான் மாற்றினேன். உனக்கு எழுதின பட்டியலில் அதை நடுவில் செருகிவைத்தேன். அட்டைப்பெட்டியில் உடைந்த டைல்ஸை நடுவில் அடுக்குகிற பயல்களை நான் எத்தனை பேரைத் துரத்தியிருக்கிறேன். உன் கண்ணில் படவேண்டும் என்றும் இருந்தது, படக்கூடாது என்றும் இருந்தது.

மே 31 மாலை மாடிக்குப் போனேன். அவள் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கொடுத்த டைல்ஸ் பெட்டிதான். கட்டிலில் உட்காரலாமா என்று தெரியாமல் நின்றுகொண்டே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"மொதல் ரெண்டு வாரம் தெரியாம. அப்புறம் தெரிஞ்சு. அப்படித்தானே?"

"ஆமா."

"எதுக்கு?"

நூறு மேஸ்திரிகளுக்கு நடுவில் பேசிய வாய், அட்டைப்பெட்டியைப் பார்த்துத்தான் பேசியது. "நீ கீழ வந்து உக்காந்தா நல்லா இருந்துச்சு" என்றேன்.

"அப்ப கீழ வாடின்னு கூப்பிட வேண்டியதுதானே."

"கூப்பிட்டா வந்திருப்பியா?"

"வந்திருக்க மாட்டேன்" என்றாள். "ஆனா அது நேர்மையா இருந்திருக்கும். ஒரு பொண்ணு, பின்னமே வராத பொண்ணு, நான் கீழ வந்து நம்பர் போடறவரைக்கும் ஒரு திங்கட்கிழமை அரைமணி நேரம் அப்படியே காத்துக்கிட்டு இருந்துச்சு. மிஸ் வரலைன்னு அழுதுச்சாம். அதை நீங்க எந்தக் கணக்குல வெப்பீங்க?"

டிசம்பரில் சொன்ன வார்த்தைக்கும் சேர்த்துத் தப்பு என்று சொன்னேன். "அன்னிக்கு நாலு கிளாஸ் எடுத்திருந்தேன், உங்களுக்கு அது சும்மா" என்றாள். மறுபடியும் தப்பு என்றேன். அதே வார்த்தையை இரண்டு தடவை சொன்னால் விலை குறையுமோ கூடுமோ தெரியவில்லை, வேறு வார்த்தை தெரிந்தால்தானே.

பிறகு, "தம்பி எழுதின லெட்டர் எல்லாம் எங்க?" என்று கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன். தரையில் விரித்துவைத்து, ஃபோனில் முதலில் கீழ்ப் பெட்டி, பிறகு மாடிப் பெட்டி. நான் அரைநாள் போராடுவதைப் பத்து நிமிஷத்தில் முடித்தாள். இரண்டுக்கும் புது பாஸ்வேர்ட். பெட்டியின் செட்டிங்ஸுக்குள் நுழைகிற பாஸ்வேர்டும் புதிது. நான் எட்டிப் பார்த்தபோது திரையைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூன் ஒன்றாம் தேதி இருபது பிள்ளைகளோடு வகுப்பு மாடியில்தான் நடந்தது. அன்றைக்கும் திங்கட்கிழமைதான், எதுவும் நிற்கவில்லை. ஜெராக்ஸ் கடை அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அவள் மேசையில் கிடக்கிறது. அட்டைப்பெட்டியும் பாதி அடுக்கியபடியே இருக்கிறது. பிரிக்கவும் இல்லை, மூடவும் இல்லை. நான் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை.

இப்போது சொந்தக் கடையில் என் ஃபோனுக்கு மட்டும் வைஃபை கிடையாது. முதல் நாள் பாடம் முடிந்ததும் மாடிக்குப் போய் நம்பர் கேட்டேன். "நாளைக்கு வாங்க" என்றாள். சரக்கு இல்லாதபோது நான் பார்ட்டிகளிடம் சொல்கிற அதே குரல். மறுநாள் போனேன். உட்காரச் சொன்னாள், அந்தப் பின்னம் வராத பெண் பதிலைச் சரியாகச் சொல்லிவிட்டதைச் சொன்னாள், கடைசியில் "நாளைக்கு வாங்க" என்றாள். பதின்மூன்று நாளாகப் போய்க்கொண்டிருக்கிறேன். நேற்று டீயும் கிடைத்தது.

உனக்கு அவள் அந்த வைஃபை நம்பரை எழுதியிருப்பாள். தயவுசெய்து எனக்கு அனுப்பிவிடாதே.

உன் அத்தான்